53 சென்ட் தபால்தலையில் ஒரு சிறுமி

தோல்பைக்குள் கைக்குழந்தையைச் சுமந்தபடி நிற்கும் அமெரிக்கத் தபால்காரர் ஒருவரின் பழைய புகைப்படம் இணையத்தில் ஓயாமல் சுற்றி வருகிறது. அந்தக் காலத்து அமெரிக்கர்கள் பிள்ளைகளைத் தபாலில் அனுப்பினார்கள் என்பதற்குச் சான்றாக அதைப் பலரும் பகிர்கிறார்கள். அந்தப் படம் வேடிக்கைக்காக எடுக்கப்பட்டது. ஆனால் செய்தி பொய்யல்ல. எப்படி அது நடந்தது என்று பார்த்தால், கிறுக்குத்தனத்தைவிடக் கணக்குதான் அதில் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1913 ஜனவரி 1 அன்று அமெரிக்க அஞ்சல் துறை பார்சல் சேவையைத் தொடங்கியது. அதுவரை உள்நாட்டுத் தபாலில் 4 பவுண்டுக்கு மேற்பட்ட பொட்டலத்தை அனுப்ப வழியில்லை. கனமான பொருள் என்றால் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் எனப்பட்ட தனியாரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். அவர்கள் வைத்ததே கட்டணம். பண்ணைகளில் வாழ்ந்தவர்கள் வந்த சாமானை எடுத்துவர ரயில் நிலையத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். கடிதத்தை மட்டும் கிராமத்து வீடுகளுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் ஏற்பாடு 1896இல் சோதனையாகத் தொடங்கி, 1902இல் நிலைபெற்றிருந்தது. அதே தபால்காரரே பார்சலையும் கொண்டுவரக் கூடாதா என்ற கேள்விக்கு எக்ஸ்பிரஸ் கம்பெனிகளும், சியர்ஸ் ரோபக் போன்ற, பொருள் பட்டியலை அச்சிட்டுத் தபால்வழி விற்ற கேட்டலாக் வியாபாரிகளைக் கண்டு அஞ்சிய சிற்றூர்க் கடைக்காரர்களும் வெகுகாலம் முட்டுக்கட்டை போட்டார்கள். 1912இல்தான் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. சேவை தொடங்கிய முதல் ஆறு மாதங்களில் மட்டும் சுமார் 30 கோடி பார்சல்கள் அனுப்பப்பட்டன என்றால், மக்கள் எவ்வளவு காத்துக் கிடந்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

தொடக்கத்தில் எடை வரம்பு 11 பவுண்டு. எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று விதிகள் நீளமாகப் பேசின. குழந்தைகளைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. சேவை தொடங்கிய அதே மாதத்தில், குழந்தை ஒன்றை அனுப்ப எப்படிப் பொட்டலம் கட்ட வேண்டும் என்று விசாரித்து அஞ்சல் துறைத் தலைவருக்கு ஒருவர் கடிதம் எழுதியதாகப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. எக்ஸ்பிரஸ் கம்பெனிக்காரர்கள் முரட்டுத்தனமாகக் கையாள்வார்கள் என்பது அவருடைய கவலையாம்!

அந்த மாதமே ஓஹையோ மாநிலத்தின் கிளென் எஸ்டி என்ற சிற்றூரில் ஒரு தம்பதியர், 11 பவுண்டு வரம்புக்குள் மயிரிழையில் அடங்கிய தங்கள் ஆண் குழந்தையைத் தபால்காரரிடம் கொடுத்து, ஒரு மைல் தொலைவிலிருந்த பாட்டி வீட்டில் சேர்ப்பித்தார்கள். தபால்தலைக்கு ஆன செலவு 15 சென்ட். குழந்தையை 50 டாலருக்குக் காப்பீடும் செய்திருந்தார்கள். உள்ளூர்க் கட்டணம் முதல் பவுண்டுக்கு 5 சென்ட், அடுத்த ஒவ்வொரு பவுண்டுக்கும் 1 சென்ட். 11 பவுண்டுக்குக் கணக்குப் போட்டால் சரியாக 15 வருகிறது. தபால்காரர் ஒரு சென்ட்கூடச் சலுகை காட்டவில்லை.

இதைப் படித்ததும் பெற்ற மனம் கல்லா என்று கேட்பவர்கள் உண்டு. யாரும் குழந்தையைப் பெட்டியில் அடைத்து ஆணியடிக்கவில்லை. கிராமத்துத் தபால்காரர் நாள்தோறும் ஒரே பாதையில் வருபவர். வழியிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் பெயர் சொல்லி அறிந்தவர். அவரோடு குழந்தையை அனுப்புவது, ஊருக்குப் போகும் அண்டைவீட்டுக்காரரோடு அனுப்புவது போலத்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

1914 பிப்ரவரி 19 அன்று ஐடஹோ மாநிலத்தில் நடந்தது இன்னும் பெரிய பயணம். அதற்குள், கட்டணத்துக்காகத் தூரத்தை வைத்துப் பிரித்த தபால் மண்டலங்களில் அருகிலுள்ளவற்றுக்கு எடை வரம்பு 50 பவுண்டாக உயர்ந்திருந்தது. ஆறு வயது நிரம்பாத ஒரு சிறுமி, நிறுத்தால் நாற்பத்தெட்டரை பவுண்டு. அவளுடைய மேலங்கியில் 53 சென்ட்டுக்கான தபால்தலைகளை ஒட்டி, கிரேஞ்ச்வில்லிலிருந்து லூயிஸ்டனிலிருந்த பாட்டி வீட்டுக்கு ரயிலின் தபால் பெட்டியில் அனுப்பினார்கள். ரயில் கட்டணத்தைவிட அது மலிவு. அந்தப் பெட்டியில் வேலை பார்த்தவர் அவளுடைய உறவினர் என்பதால், துணைக்கும் குறைவில்லை.

அதே கட்டண அட்டவணையை வைத்து 1916இல் யூட்டா மாநிலத்தில் ஒரு வங்கிக்கே செங்கல் வந்தது. வெர்னல் என்ற ஊரில் வங்கிக் கட்டடம் எழுப்ப முனைந்த வில்லியம் கோல்தார்ப், முகப்புக்கு வேண்டிய செங்கற்களைச் சால்ட் லேக் சிட்டியிலிருந்து வரவழைக்க விரும்பினார். வெர்னலுக்கு ரயில் கிடையாது. வண்டியில் கொண்டுவந்தாலோ சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனால் தபால் மண்டலத்தை நேர்கோட்டுத் தூரத்தை வைத்தே வகுத்திருந்தார்கள். அந்தக் கணக்கில் இரண்டு ஊர்களும் பக்கம். எனவே 50 பவுண்டுப் பெட்டிக்கு 54 சென்ட் போதும், அதாவது ஐடஹோ சிறுமிக்கு ஆனதைவிட ஒரே ஒரு சென்ட் கூடுதல். உண்மையான தபால் பாதையோ கொலராடோ வரை ரயிலில் போய், அங்கிருந்து மலை ஏறும் சிறு ரயிலில் மாறி, கடைசியில் குதிரை வண்டியில் முடியும் 400 மைலுக்கு மேற்பட்ட சுற்றுவழி. டன் கணக்கில் செங்கல் வந்து குவிந்ததும் தபால் நிலையங்கள் திணறின. ஒருவர் ஒருவருக்கு ஒரு நாளில் 200 பவுண்டுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று அஞ்சல் துறை புது விதி போட்டது. கட்டடங்களைத் தபாலில் அனுப்புவது சேவையின் நோக்கமல்ல என்றும் விளக்கியது.

மற்றபடி தபால்காரரின் அன்றாடச் சுமை பண்ணை முட்டையும் வெண்ணெயும், கல்லூரி மாணவர்கள் துவைப்பதற்காக வீட்டுக்கு அனுப்பிய அழுக்குத் துணிப்பெட்டிகளும்தான்.

குழந்தைகள் விவகாரத்துக்கு 1920இல் ஒரு முடிவு வந்தது. பிள்ளைகளை அனுப்ப அனுமதி கேட்டு வந்த விண்ணப்பங்களை அஞ்சல் துறையின் முதல் உதவித் தலைவர் ஜான் கூன்ஸ் நிராகரித்தார். தபாலில் அனுப்ப அனுமதி இருந்த, உணவோ நீரோ தேவைப்படாத, தீங்கற்ற உயிருள்ள பிராணிகள் என்ற வகையில் குழந்தைகள் சேரமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். தீங்கற்றவை என்பதில் ஐயமா, உணவு கேட்காதவை என்பதில் ஐயமா என்று அவர் விளக்கவில்லை. பிள்ளை பெற்ற எவரும் இரண்டையும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.