நான் சேர்த்த நீலம்

ஓவியங்களைப் போட்டோ எடுத்துக் கொடுப்பது என் வேலை. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, முதல் ஷாட்டில் நிறத்துக்கு அளவுகோலாக ஒரு சாம்பல் அட்டை, அப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிறம் சரிபார்ப்பது. பல வருஷப் பழக்கம், அதனால் கொஞ்சம் திமிரும் உண்டு.

முதல் தனிக் கண்காட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஓர் இளம் ஓவியரின் படங்கள் வந்தன. வாளி, சீப்பு, கால் ஒடிந்த ஸ்டூல், கொடியில் கிடக்கும் துண்டு. அன்றாடப் பொருள்கள் என்றாலே எனக்கு மொராண்டிதான் ஞாபகம் வருவார், வாழ்நாளெல்லாம் அதே பாட்டில்களை அடங்கிய நிறங்களில் வரைந்துகொண்டிருந்த இத்தாலியர். இவர் நேர் எதிர். பிளாஸ்டிக் வாளி ஆரஞ்சில் கத்துகிறது, அதன் நிழலோ குளிர்ந்த நீலம்.

ஃபோகஸ் பார்க்க அந்த நிழலைப் பெரிதாக்கினால் திரையில் சாம்பல்தான் இருக்கிறது. கேமரா நீலத்தைக் கோட்டை விட்டுவிட்டது என்று நானே முடிவு செய்து, நீலத்தைக் கூட்டி அனுப்பிவிட்டேன்.

"சார், இந்தப் படத்துல நான் நீலமே பூசலையே" என்றார் ஓவியர் வந்து.

நம்பவில்லை. ஒரு தாளால் வாளியை மறைத்துக் காட்டினார், நிழல் சட்டென்று சாம்பலாகிவிட்டது. தாளை எடுத்தால் மறுபடி நீலம். கிட்டப் போய்ப் பார்த்தேன். கேன்வாஸ் முழுக்க முதலில் ஆரஞ்சு பூசி, காய்ந்த பிறகு மேலே சாம்பலை இழுத்திருக்கிறார், பிரஷ் தவறிய இடங்களில் மயிரிழை அளவுக்கு ஆரஞ்சு எட்டிப் பார்க்கிறது. நீலத்தை என் கண்ணே போட்டுக்கொண்டிருக்கிறது. பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரலுக்கும் இதே கதைதான்: கறுப்பு நூல் சரியில்லை என்று புகார் வர, கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து 1839-ல் புத்தகமே போட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நீலத்தைக் கூட்டினேன்!

சேர்த்ததை எடுத்தேன். "ஆரஞ்சை மட்டும் பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்காட்சி கேட்லாக்கின் ப்ரூஃப், அதாவது சோதனை அச்சு வந்தது. அச்சின் வழக்கமான நாலு மையில் அவ்வளவு பளிச்சென்ற ஆரஞ்சு எட்டாது, வாளி செங்கல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. நிழலைப் பார்த்தேன். வெறும் சாம்பல்.