காசு கட்டும் முன் மரபணுவின் பெயரைப் பாருங்கள்

சீனி வருத்தத்துக்கு மரபணுப் பரிசோதனை செய்யப் போகிறவர்கள், பில்லில் எந்த மரபணுவின் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். மட்டக்களப்பில் எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

எனக்குச் சீனி வந்தது 24 வயதில், அதுவும் இந்த மெலிந்த உடம்புக்கு. அப்பாவுக்கும் அப்பப்பாவுக்கும் அந்த வயதில்தான். முதலாம் வகைச் சீனியில் இரத்தத்தில் காணப்படும் காட் எதிர்ப்பொருள் இல்லை, உடம்பு தானாக இன்சுலின் சுரப்பதைக் காட்டும் சி-பெப்டைட் நல்ல அளவில் இருக்கிறது என்றதும் கிளினிக் டொக்டர் 'மொடி' வகையோ என்று சந்தேகப்பட்டார். ஒற்றை மரபணுக் கோளாறால் வருவது அது. எச்.என்.எஃப்.1ஏ, ஜி.சி.கே என்று பார்க்க வேண்டிய இரண்டு மரபணுக்களையும் கடிதத்தில் எழுதித் தந்தார். அதுவரை சரி.

டவுனில் ஒரு தனியார் லேப். கவுன்டரில் இருந்த பிள்ளை கடிதத்தை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. "டயபிடிஸ் ஜீன் டெஸ்ட்தானே அண்ணா, பெக்கேஜ் இருக்கு. சாப்பிடாம வாங்க."

ராத்திரி பிட்டு சாப்பிட்டால் டி.என்.ஏ மாறிவிடுமா? இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. இன்சுலின் போடுகிறவன் பட்டினியாக வரிசையில் நின்றதில் கை நடுங்கி, கண் இருட்டி, பொக்கெட்டில் கிடந்த டொபியால்தான் விழாமல் தப்பினேன்.

வாரக்கணக்கில் காத்திருந்து கைக்கு வந்த ரிப்போட் ஒரே கலர்ப் படம். ரி.சி.எஃப்.7எல்2 என்ற மரபணுவின் அபாய வடிவம் இருக்கிறது, நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமாம். சீனி வந்து கிளினிக் கொப்பியே கிழிந்துபோனவனிடம்! எஃப்.ரி.ஓ என்ற மரபணுவின் இரண்டு பிரதியும் அபாய வடிவம், பருமன் அபாயமாம். விலா எலும்பை எண்ணலாம் எனக்கு. 2006, 2007இல் கண்டுபிடித்த இவை ஊரில் பாதிப் பேரிடம் இருக்கக்கூடிய சாதாரண மாற்றங்கள். எஃப்.ரி.ஓவின் அபாய வடிவம் இரண்டு பிரதி உள்ளவர்கள், ஒன்றும் இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூட இருப்பார்கள், அவ்வளவுதான். உடம்பை அசைப்பவர்களிடம் அதன் தாக்கம் ஏறத்தாழ 27 சதவீதம் குறைவு என்று 2011இல் வந்த பெரிய ஆய்வொன்று காட்டியது. கல்லடிப் பாலத்தில் விடிய நடக்கிற அண்ணாமாருக்கு இந்தப் பெக்கேஜ் எதற்கு?

டொக்டர் பார்த்துவிட்டு, "இது நான் கேட்டதில்லையே தம்பி" என்றார். கவுன்டரில் போய்ச் சண்டை பிடித்தேன். "சாம்பிள் எடுத்தாச்சு, காசு திருப்ப ஏலாது" என்பதோடு கதை முடிந்தது.

அடுத்த முறை கொழும்பு லேப்புக்கே கோல் எடுத்து எல்லாம் கேட்டுக்கொண்டேன். சம்மதப் படிவம், குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது என்ற வரைபடம், ஊதா மூடிக் குழாயில் இரத்தம். இங்கே இரத்தம் எடுக்க வந்தவர் பழக்கத்தில் சிவப்பு மூடியைத் தூக்கினார். அதில் இரத்தம் உறைந்துவிடும். "மிஸ், ஊதா" என்றேன். முறைத்தார், ஆனாலும் மாற்றினார்! வெள்ளிக்கிழமை மட்டும் கொடுக்காதீர்கள், சனி ஞாயிறு எங்காவது கிடக்கும்.

முடிவு எச்.என்.எஃப்.1ஏ. இந்த வகைக்குக் கிளிக்லசைட் குளிசை நன்றாகக் கேட்கும். டொக்டர் சொன்னபடி சின்ன அளவில் தொடங்கி, இன்சுலினைப் படிப்படியாகக் குறைத்து, இப்போது ஊசியே இல்லை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சீனி ஏறி ஆஸ்பத்திரியில் கிடப்பீர்கள்.

தங்கச்சிக்கும் இது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு எல்லாவற்றையும் தேட வேண்டாம், என்னிடம் கண்ட அந்த ஒரு மாற்றத்தைப் பார்த்தால் போதும், செலவும் குறைவு. அதற்கு என் ரிப்போட்டின் கொப்பி வேண்டும். வாங்கும்போதே இரண்டு மூன்று அடித்து வையுங்கள்.