தூரத்து டீமுக்கு தம்போலா போதாது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் எல்லாரையும் கூட்டி கூப்பிடும் எண்களைச் சீட்டில் அடிக்கும் தம்போலா ஆடுவது, சினிமா குவிஸ் வைப்பது எல்லாம் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் டீம்களில் வழக்கமாகிவிட்டது. நல்லதுதான், கொஞ்ச நேரம் சிரிக்கலாம். ஆனால் தம்போலாவில் அடுத்தவர் சீட்டைப் பற்றி நாம் கவலைப்படத் தேவையே இல்லை, யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் ஜெயித்துவிட்டுப் போகலாம். நம் சிக்கல் வேறு. கோயம்புத்தூரில் இருப்பவர் திரையில் என்ன ஓடுகிறது என்று சென்னையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆபீஸ் என்றால் நாற்காலியை நகர்த்தி எட்டிப் பார்த்துவிடுவோம்.

அதனால் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முழு விவரமும் எந்த ஒரு ஆளிடமும் இருக்கக் கூடாது.

2015இல் வந்த 'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்ற வீடியோ கேம் இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஒருவர் திரையில் மட்டும் வெடிகுண்டு, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். மற்றவர்களிடம் அதைச் செயலிழக்கச் செய்யும் கையேடு. குண்டு வைத்திருப்பவர் கையேட்டைப் பார்க்கக் கூடாது, கையேடு வைத்திருப்பவர்கள் குண்டைப் பார்க்கக் கூடாது, பேச்சு மட்டும்தான் வழி. வழக்கமாக மூன்றாவது தப்பில் வெடித்துவிடும், ஒவ்வொரு தப்புக்கும் கடிகாரம் வேகமெடுக்கும் வேறு. ஒருவர் மட்டும் விளையாட்டை வாங்கினால் போதும், கையேடு இணையத்தில் இலவசம்.

எங்கள் டீமில் சீனியர் ஒருவர் கையில் குண்டு. பதற்றத்தில் கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார், விசித்திரமான குறியீடு ஒன்றை அவர் முறுக்கு என்கிறார், கையேட்டில் அதையே தேடும் இன்னொருவர் ஜிலேபியா என்று கேட்கிறார், நாலு பேர் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். அப்போது, மீட்டிங்கில் மைக்கையே திறக்காத ஒரு புதுப் பெண், "சார், ஒரு நிமிஷம். எத்தனை வயர் இருக்குன்னு மட்டும் முதல்ல சொல்லுங்க" என்றாள். மூணு. சிவப்பு இருக்கா? இல்லை. "அப்போ ரெண்டாவதை வெட்டுங்க." அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே எல்லாரும் அவள் கேட்கும் வரிசையில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். தலைமை என்று நான் நினைப்பது இதைத்தான். அப்ரைசல் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.

கொஞ்சம் கனமாக வேண்டுமென்றால் பீர் கேம். பீர் தொழிற்சாலையிலிருந்து கடைக்கு வந்து சேரும் வழியை ஆடிப் பார்க்கும் விளையாட்டு. 1960களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவானது, இப்போது ஆன்லைனிலும் ஆடலாம். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை என்று நாலு இடம். ஒருவருக்கொருவர் பேசக் கூடாது, எத்தனை பெட்டி வேண்டும் என்ற ஆர்டர் மட்டும்தான் போகும், அதுவும் சரக்கு வர வாரக்கணக்கில் தாமதமாகும். வழக்கமான ஆட்டத்தில் வாரம் 4 பெட்டி வாங்கிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் ஐந்தாவது வாரத்திலிருந்து 8 வாங்குவார், கடைசி வரை அதே 8தான். ஆனால் சரக்கு வரவில்லையே என்ற பயத்தில் ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டிக் கூட்டி ஆர்டர் போட, தொழிற்சாலையில் அது பல மடங்காகப் போய் நிற்கும். அப்புறம் குடோன் நிரம்பி வழியும். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் வாடிக்கையாளரைத் திட்டுவார்கள். கிராஃபைப் போட்டுக் காட்டும்போதுதான் அந்த 8 என்ற நேர்கோட்டைப் பார்த்துவிட்டு அமைதியாவார்கள். "டெஸ்டிங் டீம்தான் லேட் பண்றாங்க" என்று சொல்வதற்கு முன் ஒரு தடவை யோசிக்க வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

நடத்துகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மேனேஜர் தலைமை இடத்தில் உட்காரக் கூடாது, கையேட்டில் ஒரு பக்கத்தை வாங்கிக்கொண்டு கேட்டால் மட்டும் பேசட்டும். ஆடுகிற நேரத்துக்குச் சமமாகப் பேசவும் நேரம் ஒதுக்குங்கள், யார் சொன்னது யார் காதில் விழவில்லை என்பதெல்லாம் சூட்டோடு சூடாகப் பேசினால்தான் வெளியே வரும். யாருக்கு எத்தனை மார்க் என்று எச்ஆருக்கு அறிக்கை அனுப்பாதீர்கள், அடுத்த முறை ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். முக்கியமாக, வேலை நேரத்திலேயே வையுங்கள். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற ஏழரை மணிக்குக் கூப்பிட்டுவிட்டு டீம் ஒற்றுமை பற்றிப் பேசினால் யாருக்குத்தான் மனசு வரும்?