கருகிய தையல் மிஷின்

எங்கள் தெரு பியூட்டி பார்லரில் வேலை செய்யும் மணிப்பூரின் குக்கி பழங்குடிப் பெண் நேற்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டு போனில் ஒரு படம் காட்டினார். கூரையில்லாத நாலு சுவர், நடுவில் கருகிப்போன தையல் மிஷின். இம்பாலில் அவர்கள் வீடாம். அம்மா இன்னும் சுராசாந்த்பூர் நிவாரண முகாமில்தான், அக்கா என்றார்.

2023 மே 3-ல் மணிப்பூரில் மெய்தேய், குக்கி இனத்தவருக்கு இடையே பற்றிய கலவரத் தீயில் 250 பேருக்கு மேல் செத்து, சுமார் 60,000 பேர் வீடிழந்த பிறகும் முதல்வர் பிரேன் சிங் ராஜினாமா செய்தது 2025 பிப்ரவரி 9-ல்தான், இருபத்தோரு மாதம் கழித்து! சரி, நாற்காலியை விட்டால் கணக்கு தீர்ந்துவிட்டதா? போலீஸ் ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டதற்கு யார் பொறுப்பு? மெய்தேய் வீடுகளும்தான் எரிந்தன, அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். விசாரணை வேண்டும், தண்டனை வேண்டும், அந்த அம்மா வீடு திரும்ப வேண்டும்.