முனை கருகிய நான்கு தொட்டிகள்

இன்று காலை எட்டாம் தொட்டியிலிருந்து மட்டும் 71 குண்டுமல்லி மொட்டுகள் பறித்தேன். எண்ணிப் பறிப்பது எங்கள் வீட்டில் கேலிக்குரிய பழக்கம். "வங்கியில் முப்பது வருடம் எண்ணியது போதவில்லையா?" என்று அம்மா கேட்கிறார். ஆனால் எண்ணினால்தான் வித்தியாசம் தெரிகிறது. அதே நாளில் கிளை வெட்டி, அதே எரு போட்டு, அதே வெயிலில் நிற்கும் இரண்டாம் தொட்டியில் இன்று 19தான்.

மாடியில் இருப்பவை எட்டுத் தொட்டிகள். எல்லாம் குண்டுமல்லி, எல்லாம் ஒரே கட்டாக ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வந்த வேர்ப்பிடித்த நாற்றுகள். நான்காவது வருடம் நடக்கிறது. முதல் இரண்டு வருடம் கிளையில் கத்தரிக்கோல் வைக்க மனம் வராமல் விட்டு, கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவைச் சுற்றியது. பூ மட்டும் அம்மாவின் கொண்டைக்குக்கூடப் பற்றவில்லை. புதுத் துளிரின் நுனியில் பூக்கிற செடியைப் பழைய குச்சியாகவே வளர்த்தால் வேறென்ன கிடைக்கும்? மூன்றாம் வருடம் பயந்து பயந்து வெட்டினேன். வெட்டிய இடமெல்லாம் கருகி இறங்கியது. மழைக்காலப் பூஞ்சணம் என்று முடிவுகட்டி, காப்பர் ஆக்சிகுளோரைடைப் பசையாகக் குழைத்து இரண்டு முறை தடவினேன். விரல் நகமெல்லாம் நீலமானதுதான் மிச்சம்.

இந்த முறை நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வெட்ட உட்கார்ந்தேன். வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும் அல்லவா? ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நடக்கிற காரியமா? எட்டுத் தொட்டியையும் மாடிப்படிக் கூரைக்கு அடியில் இழுத்து வைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டச் சொல்வார்கள்; தொட்டியில் நான் ஒரு முழம் விட்டேன். அம்மா மேலே வந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப்போனார். கீழே போய் என் தம்பிக்குப் போன் போட்டு, "அண்ணன் மொத்தச் செடியையும் மொட்டையடித்துவிட்டான்" என்று சொன்னது மாடிவரை கேட்டது.

நான்கு தொட்டி முடித்ததும் என் கத்தரியின் சுருள்வில் தெறித்துப் போனது. 180 ரூபாய்க்கு வாங்கிய சாமான். அதற்கு அவ்வளவுதான் ஆயுள். அடுத்த தெருவில் ரோஜா வளர்க்கும் பெரியவரிடம் ஓடிப்போய் அவருடையதை இரவல் வாங்கி மீதி நான்கையும் வெட்டினேன். அப்போது வித்தியாசமாக எதுவும் தோன்றவில்லை. சத்தம் மட்டும் வேறு. என்னுடையது 'நறுக்' என்று நெரிக்கும். அவருடையது 'சிக்' என்று முடித்துவிடும்.

மூன்றாம் வாரம், ஐந்து முதல் எட்டு வரையிலான தொட்டிகளில் வெட்டுக்குக் கீழிருந்த முதல் கணுவிலேயே இரண்டு பக்கமும் துளிர். ஒன்று முதல் நான்கில் முனை கறுத்து, முதல் கணு செத்து, சில கிளைகளில் இரண்டாவதும் செத்து, மூன்றாவதிலிருந்துதான் துளிர் எட்டிப் பார்த்தது. பூஞ்சணம் என்றால் அது எப்படி நான்காம் தொட்டியோடு நிற்கும்? உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு பார்த்தேன். ஏழாம் தொட்டியின் வெட்டு, வெள்ளரிக்காய் அரிந்த மாதிரி வட்டமாக, தோல் ஒட்டியபடி இருந்தது. மூன்றாம் தொட்டியில் ஒரு பக்கத் தோல் உள்ளே மடங்கி, நார் பிரிந்து, மென்று துப்பிய கரும்புச் சக்கை.

கத்தரியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது என்னுடையதையும் எடுத்துப்போய்க் காட்டினேன். பெரியவர் சிரித்துவிட்டார். "இது காய்ந்த குச்சி வெட்டுவதற்கு, தம்பி. பச்சைக் கிளையில் வைக்கலாமா?" என்றார். என் கத்தரியில் ஓர் அலகுதான் கத்தி. அது ஒரு தட்டைப் பட்டையின் மேல் போய் அழுத்தும், காய் நறுக்கும் பலகையில் கத்தியை வைத்து நசுக்குவது போல. அவருடையதில் இரண்டு அலகும் உரசியபடி ஒன்றையொன்று தாண்டிப்போகும். இவ்வளவுதான் வித்தியாசம். இதற்காக ஒரு வருடப் பூவையும் ஒரு டப்பா மருந்தையும் தொலைத்திருக்கிறேன்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்றும் உண்டு. தாண்டும் வகைக் கத்தரியிலும் ஒரு பக்கம்தான் கூர். மறுபக்கம் வளைந்த தடித்த அலகு, கிளையைப் பிடித்துக்கொள்ள. கூரான பக்கம் செடியில் நிற்கப்போகும் கிளையை ஒட்டி இருக்க வேண்டும். தடித்த பக்கம் விழப்போகும் துண்டின் மேல். மாற்றிப் பிடித்தால் நல்ல கத்தரியும் நெரிக்கும். கையை எந்தப் பக்கம் திருப்புவது என்று குழம்பி, முருங்கைக் குச்சியில் அரை மணி நேரம் பழகினேன்.

சாய்த்து வெட்டுவது பற்றி அவரோடு எனக்குச் சம்மதமில்லை. 45 பாகை சாய்வு என்கிறார். அவருடைய ரோஜாவுக்குச் சரி. அதில் ஒரு கணுவுக்கு ஒரு துளிர்தான், தண்ணீர் எதிர்ப்பக்கம் வழியட்டும் என்று சாய்க்கிறார்கள். குண்டுமல்லியில் இலைகள் எதிரெதிரே. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரு துளிரின் தலையில்தான் வழியும். நான் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே நேராகவே வெட்டுகிறேன். இரண்டு துளிரும் ஒரே உயரத்தில் கிளம்புகின்றன. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, தேநீர் மட்டும் கொடுத்தார்.

அதே தாண்டும் வகையில் புதுக் கத்தரி வாங்கினேன், 650 ரூபாய். ஒவ்வொரு தொட்டிக்கும் இடையில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறேன். வாங்கும்போது கடையில் ஒரு செய்தித்தாளை வெட்டிப் பாருங்கள். கிழிக்காமல் வெட்டினால் எடுத்துக்கொள்ளலாம்.

இனி பூக்கும் நாளில் செய்கிற வெட்டு. மாசிக் கடைசியில் முதல் மொட்டுகள் வந்தன. குண்டுமல்லியில் ஒரு நுனிக்குப் பெரும்பாலும் மூன்று மொட்டு. நடுவில் இருப்பது முந்திக்கொள்ளும், பக்கத்து இரண்டும் பின்னால் வரும். மூன்றும் பறித்து முடிந்த நுனியை விட்டுவைத்தால் அது சும்மா நிற்கிறது. அதை இரண்டு ஜோடி இலையோடு சேர்த்து எடுத்துவிடுகிறேன். கீழே உள்ள ஜோடியிலிருந்து இரண்டு துளிர், இரண்டின் நுனியிலும் மறுபடி மொட்டு. என் மாடி வெயிலில் இதற்கு ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூட ஆகிறது. ஒரே நாளில் எல்லா நுனியையும் வெட்டினால் ஒரு மாதம் அம்மாவுக்குப் பூ இல்லை. அதனால் தொட்டி வாரியாக, வாரத்துக்கு இரண்டு. நுனி இளசாக இருந்தால் கத்தரியே வேண்டாம், நகம் போதும்.

மொட்டே வைக்காமல் வெறுமனே நீண்டு ஓடும் கொடிகளையும் அப்போதே குட்டையாக்குகிறேன். நடுவில் ஒன்றோடொன்று உரசும் மெலிந்த குச்சிகளை அடியோடு எடுத்துவிட்டால் வெளிச்சம் உள்ளே இறங்குகிறது. போன வருடம் அந்த அடர்த்திக்குள்தான் இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சியான சிவப்புச் சிலந்தி குடியேறியது. இந்த வருடம் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிச் சமாளிக்க முடிகிறது. ஊதா நிறமாகிச் சிறுத்து நிற்கும் மொட்டுகளைப் பறித்துக் கவரில் கட்டிக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறேன். தொட்டியிலேயே போட்டால் உள்ளே இருக்கும் புழு மண்ணில் இறங்கி மறுபடி ஈயாக வரும்.

வெட்டு நசுங்கிய நான்கு தொட்டிச் செடிகளையும் தை மாதம் புதுக் கத்தரியால் பச்சை தெரியும்வரை மீண்டும் வெட்டினேன். அதனால் ஒரு சுற்று பின்தங்கியிருக்கின்றன. இரண்டாம் தொட்டி தேறும் என்று தோன்றுகிறது. மூன்றாவது, ஒரு கிளையில் மட்டும் உயிர் வைத்துக்கொண்டிருக்கிறது; மழைக்கு அதிலிருந்தே பதியன் போடலாமா என்று யோசிக்கிறேன்.

இதற்கிடையில் பிச்சிப்பூ ஆசை வந்துவிட்டது. மார்கழியில் குண்டுமல்லி கிலோ ஆயிரக்கணக்கில் விற்கும்போது வீட்டில் ஏதாவது ஒரு பூ இருக்க வேண்டும் என்பது சாக்கு. அதைக் குண்டுமல்லியோடு சேர்த்து வெட்டக் கூடாது, ஒரு மாதம் தள்ளி வெட்ட வேண்டும் என்கிறார்கள். அதற்கு இரண்டு தொட்டி வேண்டும், மாடியில் இடமில்லை. துணி காயப்போடும் கம்பியை நகர்த்துவது பற்றி அம்மாவிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை.

ஆறாம் தொட்டியில் நுனி வெட்டு பாக்கி. நேற்றே செய்திருக்க வேண்டும். நாளை மறுநாள் அத்தை வருகிறார், பூ வேண்டும் என்று அம்மா கத்தரியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார்.