கத்தரிக்காய் நறுக்கிய இடத்தில் கேட்ட பாட்டு

"ஒரு தடவ அசனத்துக்கு வால. அதுக்கப்புறம் நான் கூப்பிட வேண்டாம், நீயே வருவ." கல்லூரி நண்பன் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அசனம் என்றால் சர்ச் சார்பில் ஊரே சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. நான் சர்ச்சுக்குப் போகிற ஆள் இல்லை. கறிச்சோற்றுக்காகத்தான் திசையன்விளை பஸ் ஏறினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மதியமே போய்ச் சேர்ந்துவிட்டதால், முதலில் இடையன்குடிக்கு பைக்கில் கூட்டிப்போனான். வழியெல்லாம் செம்மண், பனை. கால்டுவெல் 1841இல் வந்து தங்கிய ஊர். ஒப்பிலக்கணம் எழுதியவராகத்தான் நான் அவரைப் படித்திருக்கிறேன். இங்கே அவர் கோயில் கட்டியவர்; இந்தப் பக்கம் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பெயர். 1847இல் வேலை தொடங்கிய திரித்துவ ஆலயம் 1880இல்தான் பிரதிஷ்டை ஆனது. 33 வருடம்! அந்த மாதிரி ஜன்னல் வளைவை உள்ளூர்க் கொத்தனார்கள் பார்த்ததே இல்லை என்பதால், களிமண்ணில் செய்து காட்டிக் கட்ட வைத்திருக்கிறார். 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்துதான் அடக்கம் செய்தார்கள்.

ராத்திரி நண்பனின் ஊரில், கோயில் முன்னால் மேடை போட்டு இன்னிசை நிகழ்ச்சி. கீபோர்டு, ரிதம் பேட், ஆளுயர ஸ்பீக்கர். பாடிய பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, நல்ல குரல்கள். ஆனால் ஊர் மொத்தமும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வாய்கூட அசையவில்லை. எனக்குக் கொட்டாவி வந்தது.

பதினொரு மணிக்குமேல் எல்லாம் முடிந்து, தண்ணீர் கேட்டுக் கோயிலுக்குப் பின்னால் போனேன். பந்தலுக்குக் கீழே மலைபோலக் கத்தரிக்காய். சுற்றிலும் இருபது முப்பது பெண்கள், ஆளுக்கொரு அரிவாள்மணை. ஒரு பாட்டி ஏதோ முனகினார். பக்கத்திலிருந்தவர் அடுத்த அடியை எடுத்தார். அனுபல்லவி வருவதற்குள் பந்தலே பாடியது. புத்தகமும் இல்லை, மைக்கும் இல்லை.

"இது கீர்த்தனை" என்றான் நண்பன். புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகம், தாளம் அச்சிட்டிருக்கிறது. இந்த வகைக்குப் பெரிய பெயர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). நெல்லைச்சீமையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் (பாதிரியாரை இங்கே ஐயர் என்பார்கள்) படிக்கத் தஞ்சாவூர் போனவர். அங்கே சரபோஜி மன்னரோடு பழக்கம். குறத்தி வந்து குறி சொல்லும் குறவஞ்சியையே எடுத்து, பெத்லகேமுக்குப் பாடி வைத்தார்.

வெள்ளைக்காரர் மெட்டில் அமைந்த பாமாலைப் பாட்டுகளும் இடையிடையே வந்தன. ஆனால் அந்த மெட்டு இந்தப் பெண்களிடம் படும் பாடு! நேராகப் போக வேண்டிய சுரத்தை வளைத்து, இழுத்து, ஒப்பாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஆர்மோனியம் இருந்திருந்தால் விட்டிருக்காது. இதுதான் எனக்குப் பிடித்தது.

"மேடைல பாடும்போது ஏன் பாட்டி சும்மா இருந்தீங்க?"

"அது அவுக பாட்டுய்யா. நமக்குக் கை ஓடுனாத்தான வாய் ஓடும்." கையிலிருந்ததை நிறுத்தவில்லை. "சும்மாதான நிக்கீங்க, இத நறுக்குங்க" என்று ஒரு கத்தியும் கொடுத்தார்.

இரண்டு மணி வரை நறுக்கினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விட்டார்கள். தேங்காய், சேவல், கருப்பட்டி, ஒருவர் வீட்டு முதல் வாழைத்தார். எல்லாம் கடை விலையைவிட நாலு மடங்குக்குப் போனது; போக வேண்டும், அதுதான் அங்கே மரியாதை. யாருக்கோ வணக்கம் சொல்லக் கையைத் தூக்கிய நான் 400 ரூபாய்க்கு ஒரு பூசணிக்காய்க்குச் சொந்தக்காரன் ஆனேன். நண்பன் இப்போதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறான்.

சாயங்காலம் ஐயர் ஜெபம் செய்ததும் அசனம் தொடங்கியது. மண்தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். வாங்கிக்கொண்டு போக வந்தவர்கள் கையில் தூக்குச்சட்டியோடு தனி வரிசையில் நின்றார்கள். சோறு, அதன்மேல் ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் சேர்ந்த குழம்பு. என் இலையில் தடியாக, பாதி வெந்த ஒரு கத்தரித் துண்டு விழுந்தது.

எதிர்வரிசையில் அதே பாட்டி. எட்டிப் பார்த்தார்.

"ஒங்க துண்டுதான்யா. சாப்புடுங்க."