5.8 எல்லாம் ஒரு சுகரா?

பல வருட நீர்க்கட்டி, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை போட்ட பிறகுதான் மாதவிலக்கே ஒழுங்காக வந்தது என்று என் பிசிஓஎஸ் புராணத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். என் கர்ப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் மிட்வைஃப் (மருத்துவச்சி) பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுகர் டெஸ்டுக்கு என்னை அனுப்பக் காரணம் என்று டிக் அடித்தது வேறொன்றை: தெற்காசிய வம்சம். நான் இருக்கும் இங்கிலாந்தில் மருத்துவத்துக்கு நெறி வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டியில் கர்ப்பகாலச் சர்க்கரைக்கான பட்டியலில் வம்சம் இருக்கிறது, பிசிஓஎஸ் இல்லை. சுருக்கென்றது.

24 வாரம் தாண்டி 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து எழுந்து வந்தேன். வெறும் வயிற்றில் 5.8. இங்கே 5.6 வந்தாலே சர்க்கரைதான். போனில் அம்மா சிரித்துவிட்டாள். "5.8 எல்லாம் ஒரு சுகராடி? எனக்கு 140!" இங்கே அளக்கும் அலகே வேறு என்று 18ஆல் பெருக்கி, ஊர்க் கணக்கில் 104 என்றேன். "அதுவும் கம்மிதானே, நீ ரெண்டு உசுரு, நல்லாச் சாப்பிடு." நீர்க்கட்டி உள்ள பலருக்கு இன்சுலின் ஏற்கெனவே மந்தம், நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் அதை இன்னும் மந்தமாக்கும், கர்ப்பத்தில் கணக்கே வேறு என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவள் வளைகாப்புக்கு நாள் பார்க்கப் போய்விட்டாள்.

மற்றதெல்லாம் பழகிவிட்டது. சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், மருந்து எதற்கும் காசு கேட்பதில்லை, நாளுக்கு 4 முறை விரலில் குத்துவதும் பெரிய வலியில்லை. ஆஸ்பத்திரியில் தந்த அந்த உணவுத் தாள்தான் ஒத்துவரவில்லை. முழுதானிய ரொட்டி, ஓட்ஸ் கஞ்சி, பாஸ்தா எல்லாம் படத்தோடு இருக்கின்றன, இட்லியைக் காணோம். ஆக, என் சமையலறையே லேப் ஆனது. மூன்று இட்லி, சாம்பார்: ஒரு மணி நேரம் கழித்து 9.1, தாண்டக்கூடாதது 7.8. இரண்டு இட்லி, அவித்த முட்டை, அப்புறம் மழைத் தூறலில் கால் மணி நேர நடை: 7.3. அன்று எனக்கு நோபல் பரிசே கிடைத்த மாதிரி இருந்தது. வெண்பொங்கலின் எண்ணை நோட்டில் எழுதவே மனம் வரவில்லை.

காலை வெறும் வயிற்று எண் மட்டும் 5.3க்குக் கீழே இறங்க மறுத்ததால் டாக்டர் மறுபடி மெட்ஃபார்மின் எழுதினார். ஊரிலிருந்து என்னோடு வந்தது அது ஒன்றுதான் போல.

அக்கா வளைகாப்பில் புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம் என்று வரிசையாக வைத்து ஆளாளுக்கு ஊட்டினார்கள், யார் மீட்டரை நீட்டினார்கள்? எனக்கு இந்தச் சனிக்கிழமை தோழிகள் வைக்கிறார்கள். எலுமிச்சை சாதம் ஒரு கரண்டி, சுண்டல் இரண்டு கரண்டி என்று பேரம் பேசியாகிவிட்டது. சர்க்கரைப் பொங்கல் இல்லாமல் வளைகாப்பா என்று அடம்பிடிக்கும் அம்மாவை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.